எண்பத்தேழாம் போத்தல்

ஆறு வருஷமாகப் பரமேஸ்வரனுக்கு அந்த ஆபீசில் ‘சேலைக்கடை’ என்றுதான் பெயர். அந்தப் பெயர் வரக் காரணமாக இருந்தவர் டொரத்தி. அவர் மேல் பரமேஸ்வரனுக்கு வேறு எந்தக் குறையும் கிடையாது. நேரத்துக்கு வருவார், அடுத்தவர் சாமானைத் தொடமாட்டார், தேத்தண்ணி கலக்கினால் இவருக்கும் ஒரு கிளாஸ் வைப்பார். ஆனாலும் அந்தப் பெயர் மட்டும் செருப்புக்குள் போன கல் மாதிரி இவரை விடாமல் உறுத்திக்கொண்டே இருந்தது.

கம்பெனி இருப்பது ஸ்ரீ கெம்பாங்கானில், ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில். யாராவது கடலோரத்தில் படகு அணைய ஜெட்டி கட்டுவதென்றாலும், மண் கொட்டி நிலம் எடுப்பதென்றாலும், அங்கே தண்ணீருக்கடியில் என்னென்ன உயிர் இருக்கிறது என்று முதலில் எழுதிக் கொடுக்க வேண்டும். கம்பெனிக்கு அதுதான் பிழைப்பு. ஆட்கள் மூழ்கிப் பார்த்து எண்ணுவார்கள். பெயர் தெரியாததில் விரல் அளவு வெட்டிக்கொண்டு வருவார்கள். அதை ஸ்பிரிட்டில் போட்டு மூடி, எண் எழுதி அடுக்குவது பரமேஸ்வரனின் வேலை. கடலோரக் காப்பார் ஊர்க்காரர். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு படிப்பு சரி. பதினேழு வயதில் மீன் படகு, பிறகு இதே கம்பெனியில் படகோட்டி, முட்டி தேய்ந்த பிறகு ஸ்டோர்.

அலமாரியில் இருந்தவை முக்கால்வாசி மென்பவளமும் கடல் விசிறியும்தான். மற்ற பவளம் செத்தாலும் கல் மிஞ்சும். மென்பவளத்துக்கு அந்தக் கல் கிடையாது. தொட்டால் மாட்டு நாக்கு மாதிரி இருக்கும். விசிறி, இலையெல்லாம் உதிர்ந்த செடியைத் தட்டையாக அமுக்கி வைத்தது போல நிற்கும். முழங்கால் ஆழத்திலேயே இரண்டும் கிடைக்கும் இடங்கள் உண்டு. 2019-ல், யாரும் சொல்லாமல், பரமேஸ்வரன் இரண்டு மாதம் குந்தி உட்கார்ந்து அப்போதிருந்த எண்பது போத்தலையும் பிரித்து அடுக்கினார். சிவப்பு விசிறி ஒரு தட்டு, மஞ்சள் ஒரு தட்டு, விரல் விரலாக நிற்பது ஒரு தட்டு, காலிஃபிளவர் போல இருப்பது ஒரு தட்டு. முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தபோது, தானே கட்டிய வீட்டைப் பார்ப்பது போல இருந்தது.

அடுத்த திங்கட்கிழமை டொரத்தி வேலைக்குச் சேர்ந்தார். அலமாரியைத் திறந்தார்.

“யாரு இத அடுக்கினது? கல்யாணத்துக்குச் சேலை எடுக்கப் போன மாதிரி கலர் கலரா இருக்கு.”

அறிக்கை எழுதும் சிவநேசனுக்குச் சிரித்துச் சிரித்துத் தேத்தண்ணி மூக்கில் ஏறிவிட்டது. மறுநாளே பரமேஸ்வரன் சேலைக்கடை ஆகிவிட்டார். அந்த வாரம் முடிவதற்குள் டொரத்தி அத்தனை தட்டையும் கலைத்துப் போட்டார். நாலு சிவப்பு விசிறி நாலு குடும்பத்துக்குப் போனது. ஒரு சிவப்பும் ஒரு வெள்ளையும் ஒரே குடும்பம் என்று சேர்ந்து நின்றது.

அதைவிட எரிச்சல் என்னவென்றால், அவர் சொன்னதுதான் சரி. இந்த உயிர்களுக்கு நிறத்தை வைத்தும் உருவத்தை வைத்தும் பெயர் சொல்ல முடியாது. சதைக்குள்ளே சீனியை விடப் பொடியான சுண்ணாம்புத் துணுக்குகள் இருக்கும். ஆபீசில் அதற்கு ‘முள்’ என்று பெயர். நகக்கண் அளவு சதையைக் கிள்ளிக் கண்ணாடித் தட்டில் வைத்து, துணி வெளுக்கும் குளோராக்ஸ் இரண்டு சொட்டு விட்டால், சதை நுரைத்துக் கரைந்துவிடும். முள் மட்டும் அடியில் வெள்ளையாகத் தங்கும். மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் ஒன்று நூல் சுற்றும் கதிர் மாதிரி, ஒன்று கதாயுதம் மாதிரி, ஒன்று ஜிம்மில் தூக்கும் டம்பெல் மாதிரி. அந்த வடிவத்தில்தான் பெயர் இருக்கிறது. இதைக் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்ட பிறகும் பரமேஸ்வரனுக்குக் கோபம் ஆறவில்லை. சரியாகச் சொல்வது ஒன்று. நாலு பேர் முன்னால் சொல்வது இன்னொன்று.

டொரத்தி பிரிக்ஃபீல்ட்ஸில் பிறந்து வளர்ந்து இன்னமும் அங்கேயே இருப்பவர். அப்பா ரயில்வேயில் சிக்னல் பார்த்தவர். குவார்ட்டர்ஸ் வீட்டில் ஐந்து பிள்ளைகளில் மூன்றாவது. மெதடிஸ்ட் குடும்பம், ஞாயிறு காலை சர்ச் தப்பாது. பள்ளிக்கூடம் முடித்த கையோடு ஆஸ்பத்திரி லேபில் சேர்ந்து முப்பத்து மூன்று வருஷம் மைக்ரோஸ்கோப்புக்கு முன்னால் உட்கார்ந்தவர். கழுத்துக் கட்டி, மார்புக் கட்டி, கருப்பைச் சதை என்று கிள்ளி அனுப்பியதையெல்லாம் பார்த்து நல்லதா கெட்டதா என்று பிரித்து டாக்டருக்கு வைப்பார். ஓய்வு பெற்று வீட்டில் இருந்தது ஏழே வாரம். தபால் நிலையத்திலிருந்து ஓய்வு பெற்ற கணவர் கிரிகரியும் அதே பிளாட்டில். இரண்டு பேரும் இப்படியே பகல் முழுக்க ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தால் ஒரு நாள் போலீஸ் வந்துதான் பிரிக்க வேண்டியிருக்கும் என்று சொல்லித்தான் இந்த வேலைக்கு வந்தாராம்.

வாரம் மூன்று நாள். கே.எல். சென்ட்ரலில் ரயில் ஏறி செர்டாங்கில் இறங்குவார். பரமேஸ்வரன் கம்பெனி வேனில் போய் ஏற்றிக்கொண்டு வருவார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர் என்பதால் நர்ஸைக் கூப்பிடுவது போல ‘மிஸி’ என்றே கூப்பிட்டார். நான் நர்ஸ் இல்லை என்று டொரத்தி நாலைந்து தரம் திருத்திப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

மென்பவளத்தைப் பற்றிப் புத்தகம் வரவழைத்துத் தானே படித்துக்கொண்டவர். ஆனால் உயிரோடு ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. தண்ணீர் என்றால் அப்படி ஒரு பயம். போர்ட் கிள்ளானில் நண்டு சாப்பிடப் போனால்கூடக் கடல் பக்கம் உட்காராமல் சுவரோரம் நாற்காலி தேடுவார்.

ஒரு நாள் தேத்தண்ணி நேரத்தில் ஒரு பழைய கதை சொன்னார். ஆஸ்பத்திரியில் ஒரு சிலைடைப் பார்த்து ஒன்றுமில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு பஸ் ஏறியவருக்கு, பாதி வழியில் மனசு கேட்கவில்லையாம். இறங்கி, எதிர்ப்பக்கம் பஸ் பிடித்துத் திரும்பிப் போய் மறுபடி பார்த்தால் ஒரு மூலையில் இருந்திருக்கிறது. தானே வார்டுக்குப் போய், அந்த அம்மாவிடமும் டாக்டரிடமும் தான் எழுதியது தப்பு என்று சொன்னாராம்.

“கண்ணு தப்பு பண்ணும். அது மனுஷக் கண்ணு. கையெழுத்து தப்புன்னு தெரிஞ்சப்பறம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடக்கூடாது,” என்றார்.

பரமேஸ்வரன் கிளாஸைக் கழுவ எழுந்து போய்விட்டார். காரணம் இருந்தது.

2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்ததே, எம்.சி.ஓ., அப்போது ஆபீசே மூடிக் கிடந்தது. டொரத்திக்கு ஆஸ்துமா, வீட்டை விட்டு அசையக்கூடாது. முதலாளி ஒரு அனுமதிக் கடிதம் கொடுத்து, வாரத்துக்கு ஒரு தரம் போய்ப் பார்த்துவிட்டு வரும்படி பரமேஸ்வரனிடம் மட்டும் சொல்லியிருந்தார். ஏப்ரலில் போனபோது, கீழ் இரண்டு தட்டில் முப்பத்தெட்டுப் போத்தலில் ஸ்பிரிட் பாதிக்கு மேல் ஆவியாகிவிட்டிருந்தது. மூடிகள் மலிவு மூடிகள். ஊற்றலாம் என்றால் ஊரில் எங்கேயும் ஸ்பிரிட் இல்லை. அத்தனையும் கை துடைக்கும் மருந்துக்குப் போய்விட்டது. ஏழு கடைக்குப் போன் அடித்துப் பார்த்தார். சதை காய்ந்தால் கருவாடுதான். மூலையில் யாரோ எந்தக் காலத்திலோ வாங்கிப் போட்ட ஃபார்மலின் டிரம் ஒன்று நின்றது. பிணத்தையே கெடாமல் வைக்கும் மருந்து, பவளத்தை வைக்காதா என்று நினைத்து முப்பத்தெட்டிலும் ஊற்றினார். காப்பாற்றிவிட்டோம் என்று நிம்மதியாக பைக் ஏறிக் காப்பாருக்குப் போனார்.

ஆகஸ்டில் ஸ்பிரிட் கிடைத்ததும் ஃபார்மலினைக் கொட்டிக் கழுவி மாற்றிவிட்டார். செப்டம்பரில் டொரத்தி வந்தபோது வாசனைகூட இல்லை. சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் சொன்னால், ஏன் என்னைக் கேட்கவில்லை என்று ஏதாவது ஒரு வார்த்தை வரும். அதைச் சிவநேசன் பிடித்துக்கொள்வான். இன்னொரு பெயர் ஒட்டும். ஒரு பெயரே போதும் என்று விட்டுவிட்டார்.

2022-ல் டொரத்தி எண்பத்தேழாம் போத்தலைத் திறந்தார். எம்.சி.ஓ.வுக்கு இரண்டு வாரம் முன்னால் போர்ட்டிக்சன் பக்கம் ஒரு முனையில் வெட்டியது. யாரும் பார்க்காமலே கிடந்தது. குளோராக்ஸ் விட்டார். சதை கரைந்தது. அடியில் ஒன்றும் தங்கவில்லை. மறுபடி வேறு இடத்தில் கிள்ளினார், நடுவில் கிள்ளினார், அடியில் கிள்ளினார். முள்ளே இல்லை. முள் இல்லாத மென்பவளம் உலகத்தில் சில உண்டு. மலாக்கா நீரிணையில் அப்படி ஒன்றை யாரும் எழுதி வைத்ததில்லை என்று டொரத்தி மூன்று வாரம் தேடிப் பார்த்துவிட்டுச் சொன்னார். அறிக்கையில் அவர் பெயரோடு அது போனது. ஆறு வருஷத்தில் அவர் கண்டுபிடித்தது என்று சொல்லிக்கொள்ள அது ஒன்றுதான். அன்றைக்கு ஆபீசுக்கு அவர் வாங்கி வந்த பட்டர் கேக்கில் பரமேஸ்வரனும் இரண்டு துண்டு சாப்பிட்டார்.

அடுத்த வருஷம் ஒரு மீனவர் ஒரு கடல் விசிறியை ஃபார்மலினில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். டொரத்தி அதைத் திறக்கவே இல்லை. ஃபார்மலின் புளித்த மருந்து, சுண்ணாம்பைத் தின்றுவிடும், உள்ளே முள் இருந்ததா என்பது இனி கடவுளுக்குத்தான் தெரியும் என்று ஒதுக்கி வைத்துவிட்டார். பக்கத்தில் மூடி துடைத்துக்கொண்டிருந்த பரமேஸ்வரன் துடைத்த மூடியையே மறுபடி துடைத்தார். அன்றிலிருந்து இரண்டு வருஷம் எண்பத்தேழாம் போத்தல் இருக்கும் பக்கம் பார்ப்பதையே தவிர்த்தார்.

இந்த வருஷம் முதலாளி ஸ்டோரை மூடுவதென்று முடிவு செய்தார். வாடகை ஏறிவிட்டது. ஒரு பல்கலைக்கழக அருங்காட்சியகம் போத்தல்களை எடுத்துக்கொள்வதாகச் சொன்னது. டொரத்தியும் இதோடு நின்றுகொள்வதாகச் சொல்லிவிட்டார். மாதக் கடைசிக்குள் ஒவ்வொரு பெயரையும் ஒரு தரம் சரிபார்த்துக் கொடுத்துவிட வேண்டும்.

அருங்காட்சியகத்திலிருந்து ஃபர்ஹானா என்ற பெண் வந்தாள். கிள்ளானைச் சேர்ந்த பிள்ளை, தமிழ் சுத்தமாகப் பேசினாள். அலமாரியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, எண்பத்தேழை இரண்டு கையாலும் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

“ஆன்டி, இதுக்காகத்தான் நான் வந்தேன். இதை மொதல்ல பதியப் போறோம். உங்க பேரோட.”

டொரத்தி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை. செர்டாங் ஸ்டேஷனுக்குப் போகும் வழியெல்லாம், கிரிகரியிடம் இதை எப்படிச் சாதாரணமாகச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே வந்தார். சிரிப்பு மட்டும் முகத்தை விட்டு இறங்கவில்லை.

அன்று சாயங்காலம் காப்பாரில் பரமேஸ்வரனின் மனைவி வாசல் குழாயடியில் கெம்போங் மீன் கழுவிக்கொண்டிருந்தார். இவர் பக்கத்தில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து முழுக் கதையையும் சொன்னார். முதல் தடவை சொல்கிறார்.

“இப்பப் போய்ச் சொன்னா, பழசை மனசுல வெச்சு அந்தம்மா தலையில மண்ணள்ளிப் போடுறீங்கன்னுதான் நெனைப்பாங்க,” என்றார் மனைவி.

“நெனைக்கட்டும்.”

“நெனைக்கட்டும்னா ஏன் வந்ததுலேர்ந்து சட்டையக்கூடக் கழட்டாம உக்காந்திருக்கீங்க?”

உள்ளதைச் சொன்னால், டொரத்தியின் அந்தச் சிரிப்பு இறங்குவதைப் பார்க்க ஒரு மூலையில் ஆசையும் இருந்தது. ஆறு வருஷத்துக் கல் சும்மா இருக்குமா? அந்த ஆசை இருக்கும்வரை சொல்வது சரியில்லை என்று ஒரு மனசு சொன்னது. அது போகும் வரை காத்திருந்தால் போத்தல் போய்விடும் என்று இன்னொரு மனசு சொன்னது. சட்டையைக் கழற்றிவிட்டுக் குளிக்கப் போனார்.

மறுநாள் காலை டொரத்தி போத்தலுக்குள் போடும் சீட்டுகளை எழுதிக்கொண்டிருந்தார். மை ஸ்பிரிட்டில் ஓடிவிடும் என்பதால் எல்லாம் பென்சிலில்தான்.

“மிஸி, எண்பத்தேழுக்கு எழுதாதீங்க.”

“ஏன்?”

“அது நாலு மாசம் ஃபார்மலின்ல கெடந்துச்சு. நான்தான் ஊத்தினேன்.”

டொரத்தி பென்சிலைக் கீழே வைத்தார். முகம் மாறவில்லை. எந்த மாதம், எத்தனை போத்தல், டிரம் எவ்வளவு பழசு, தண்ணீர் கலந்தாரா, எப்போது மாற்றினார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார், நோயாளியிடம் கேட்பது போல. மற்ற முப்பத்தேழும் முன்பே பார்த்து சிலைடு போட்டு வைத்தவை என்பதை நோட்டில் சரிபார்த்துக்கொண்டார். மிஞ்சியது ஒன்றுதான்.

“ஃபார்மலின் சுண்ணாம்பத் தின்னும்னு எப்பத் தெரியும் உங்களுக்கு?”

“ரெண்டு வருஷமா.”

“ரெண்டு வருஷமா வாயில என்ன வெச்சிருந்தீங்க, பரம்?”

“சொன்னா அதுக்கும் ஒரு பேரு வெப்பீங்கன்னுதான்.”

“நான் எப்ப உங்களுக்குப் பேரு வெச்சேன்?”

பரமேஸ்வரன் சொன்னார். சேலை, கல்யாணம், கலர், எல்லாம். டொரத்தி இவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நானா சொன்னேன்? இந்தச் சிவநேசன் வெச்ச பேருன்னுல்ல நெனைச்சேன்.” மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, “சொல்லியிருப்பேன். என் வாய் அப்படித்தான். கிரிகரியக் கேட்டா பெரிய லிஸ்டே குடுப்பாரு,” என்றார்.

ஆறு வருஷம் சுமந்தது அந்தப் பக்கம் ஒரு பொட்டளவுகூட இல்லை. கோபப்படுவதா சிரிப்பதா என்று பரமேஸ்வரனுக்குத் தெரியவில்லை. நேற்றிருந்த ஆசையைத் தேடிப் பார்த்தார், அதையும் காணவில்லை.

டொரத்தி எண்பத்தேழைத் திறந்து, மிச்சமிருந்த சதையின் அடிப்பாகத்தை ஆழமாகக் கீறிக் குளோராக்ஸ் விட்டுப் பார்த்தார். ஒன்றும் இல்லை. விஷயம் தெரிந்து சிவநேசன் எழுந்து வந்தான்.

“விடுங்க லா, ஆன்டி. ரிப்போர்ட் போய் மூணு வருஷமாச்சு. முள் இருந்துச்சுன்னு யாரால நிரூபிக்க முடியும்?”

“இல்லாதது வேற, இருந்து போனது வேற. கண்ணாடிக்குக் கீழ ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியும்,” என்றார் டொரத்தி. பிறகு பரமேஸ்வரன் பக்கம் திரும்பி, “அந்தப் பாறை எது, ஞாபகம் இருக்கா?” என்றார்.

இருந்தது. அந்த முனையில் ஓர் உடைந்த சிமெண்டுத் தூணுக்குக் கடல் பக்கம் பத்தடியில் ஆமை முதுகு போல ஒரு பாறை. முழங்கால் தண்ணீர்தான் என்பதால் வெட்டியதே இவர்தான். கம்பெனியின் அனுமதிக் கடிதம் மாதக் கடைசி வரை செல்லும். அந்த வாரம் அமாவாசை. சனிக்கிழமை காலை கடல் நன்றாக வற்றும். தான் போய் வெட்டிக்கொண்டு வந்துவிடுவதாகப் பரமேஸ்வரன் சொன்னார். டொரத்தி ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு பேரும் பார்க்க வெட்ட வேண்டும், இரண்டு பேரும் பார்க்க ஸ்பிரிட்டில் போட வேண்டும், அப்போதுதான் அதற்குப் பெயர் ஆதாரம்.

சனிக்கிழமை பொழுது விடியும் முன்பே பிரிக்ஃபீல்ட்ஸ் பிளாட்டின் கீழே கிரிகரி ஒரு பிளாஸ்கோடு நின்றார். மனைவியை வேனில் ஏற்றிவிட்டு, “தண்ணியில எறங்கப் போறாளாம். முப்பத்தெட்டு வருஷக் கல்யாணத்துல பார்க்காத கூத்து. போட்டோ எடுங்க,” என்று பரமேஸ்வரனிடம் சொன்னார்.

போய்ச் சேர்ந்தபோது கடல் நன்றாக உள்வாங்கியிருந்தது. பரமேஸ்வரனின் மனைவியுடைய ரப்பர் பூட்ஸ் டொரத்திக்கு ஒரு சைஸ் பெரிசு. ஒரு கையில் குடைக் கம்பு, மறு கையில் பரமேஸ்வரனின் சட்டைக் கை. கணுக்கால் தண்ணீருக்கே வாய்க்குள் ஜெபம் ஓடியது. முழங்கால் வந்ததும் ஜெபம் நின்றுவிட்டது. குனிந்து பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

பாறையைச் சுற்றி மென்பவளம் திட்டுத் திட்டாகக் கிடந்தது. பழுப்பு, சாம்பல், மங்கிய பச்சை. கடலோட்டத்துக்கு லேசாக அசைந்தன. ஆறு வருஷமாகப் பெயர் வைத்தவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

“பரம், எல்லாம் ஒரே மாதிரியில்ல இருக்கு.”

“அப்படியா மிஸி,” என்றார் பரமேஸ்வரன், வேறெதுவும் சொல்லாமல். சொல்ல வேண்டியதை முகம் சொல்லியிருக்க வேண்டும். டொரத்தி கம்பால் தண்ணீரைத் தட்டி இவர் மேல் தெறிக்கவிட்டார்.

பரமேஸ்வரன் ஒரு பழுப்புத் திட்டை விரலால் தொட்டார். தொட்ட இடம் உள்வாங்கிக்கொண்டு வெள்ளையாகிவிட்டது. அன்றைக்கும் அப்படித்தான் ஆனது. அது நன்றாக நினைவிருந்தது. இதுதான் என்றார். டொரத்தி பயந்து பயந்து தானும் ஒரு விரலை வைத்தார். பழுப்பு வெள்ளையாவதைப் பார்த்துவிட்டு, அது மறுபடி பழுப்பாகும் வரை அசையாமல் நின்றார். ஓர் அலை வந்து பூட்ஸுக்குள் இறங்கியதைக்கூடக் கவனிக்கவில்லை. பிறகு விரல் அளவில் மூன்று துண்டு வெட்டி ஸ்பிரிட்டில் போட்டார்கள். போட்டோவும் எடுத்தார்கள்.

அன்று மத்தியானமே ஆபீஸைத் திறந்தார்கள். சனிக்கிழமை, வேறு ஆள் இல்லை. கீழே டயர் கடையில் மட்டும் சத்தம். டொரத்தி கிள்ளி வைத்துக் குளோராக்ஸ் விட்டார். நுரை வந்தது. பரமேஸ்வரன் நின்ற இடத்திலிருந்தே பார்த்தார். முள் இல்லாமல் போகட்டும் என்று மனசார வேண்டிக்கொண்டார். முள் இல்லையென்றால் மிஸியின் பெயர் நிற்கும், போத்தல் நிற்கும், தான் செய்தது தப்பே ஆனாலும் யாருக்கும் நஷ்டமில்லை.

நுரை அடங்கியது. தட்டின் அடியில் வெள்ளையாக, நைஸ் உப்பு சிந்தியது போல ஒரு படலம் இருந்தது.

டொரத்தி தட்டை மைக்ரோஸ்கோப்பில் தள்ளிக் குனிந்தார். நிமிரவே இல்லை. கடைசியில் நாற்காலியை நகர்த்தி இவருக்கு இடம் விட்டார். பரமேஸ்வரன் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். டம்பெல். நூறு, இருநூறு, குட்டிக் குட்டி டம்பெல், ஒன்றன் மேல் ஒன்று. போர்ட்டிக்சனில் எந்தப் பாறையில் கை வைத்தாலும் கிடைக்கிற சாதாரண இனம்.

“மன்னிச்சிருங்க மிஸி.”

“எதுக்கு? எவ்வளவு அழகா இருக்கு பாருங்க,” என்றார் டொரத்தி. குரலில் வருத்தம் இல்லாமல் இல்லை. ஆனால் நாற்காலியை மறுபடி தன் பக்கம் இழுத்துக்கொண்ட வேகத்தில் அது தெரியவில்லை. இன்னும் அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஈரக் காலுறையைக் கழற்றி ஜன்னலில் காயப் போட்டுவிட்டு, கிரிகரி கொடுத்த பிளாஸ்கிலிருந்து இரண்டு கோப்பி ஊற்றினார்.

திங்கட்கிழமை காலை ஃபர்ஹானாவுக்குத் தானே போன் செய்தார். முப்பத்தெட்டுப் போத்தல் ஃபார்மலினில் கிடந்ததையும், எண்பத்தேழுக்குத் தான் வைத்த பெயர் தப்பு என்பதையும் சொல்லி, அறிக்கைக்கும் திருத்தம் எழுதி அனுப்புவதாகச் சொன்னார். ஃபர்ஹானா, அந்த முப்பத்தெட்டுப் போத்தலும் தனக்கு அவசியம் வேண்டும் என்றாள். ஃபார்மலின் என்ன செய்யும் என்று எல்லாரும் சொல்கிறார்கள்; எத்தனை மாதத்தில் என்ன செய்தது என்று தேதியோடு காட்ட யாரிடமும் ஒன்றும் இல்லை; முன்பு எடுத்த சிலைடும் பிறகு ஆன சதையும் இங்கேதான் ஜோடியாக இருக்கிறது; எண்பத்தேழுக்குப் பக்கத்தில் புதுத் துண்டையும் வைத்துக்கொள்ளலாம் என்றாள். போனை வைத்த பிறகு டொரத்தி, இந்தப் பிள்ளைக்கு மூளை இருக்கிறது என்று சிவநேசனைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

கடைசி நாள் சாயங்காலம். அலமாரி காலி, போத்தல்கள் அட்டைப் பெட்டியில் ஏறி லோரிக்குத் தயாராக இருந்தன. கீழ் இரண்டு தட்டுப் போத்தல்கள் மட்டும் மூடி திறந்து மேசை மேல் வரிசையாக நின்றன. டொரத்தி முப்பத்தெட்டுச் சீட்டு வெட்டி, பக்கத்தில் சீவிய பென்சிலை வைத்து, பரமேஸ்வரனை நாற்காலியில் உட்காரச் சொன்னார். தன் எழுத்து ஆறாம் வகுப்பு எழுத்து என்று இவர் பின்வாங்கினார்.

“ஊத்தினவர்தான் எழுதணும்,” என்றார் டொரத்தி. “ஃபார்மலின், ஏப்ரல்லேர்ந்து ஆகஸ்ட் வரைக்கும், ரெண்டாயிரத்து இருபது. கீழ உங்க பேரு. தமிழ்லயே எழுதுங்க, படிக்க ஃபர்ஹானா இருக்கா. எண்பத்தேழுல மட்டும் இன்னொரு வரி சேருங்க: தப்பாப் பேரு வெச்சது டொரத்தின்னு. என் பேரக் கொஞ்சம் பெரிசாவே எழுதுங்க.”